கடைசி வீட்டுக் கைப்பிடி அரிசி

கடைசி வீட்டுப் பானை எனக்கு முதல் வாரமே பிடிக்கவில்லை. மூடியைத் திறந்தால் கழுத்துவரை அரிசி. வேறு யாராவது என்றால் ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லிப் பையில் கொட்டிக்கொண்டு போயிருப்பார்கள். எனக்கோ, ‘இது எங்கேயோ இடிக்குதே’ என்றுதான் தோன்றியது. எதையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை எனக்கு. இந்த வயதிலும் கடைக்காரன் பொட்டலம் கட்டும்போது அவன் கையைத்தான் பார்க்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், கேரளத்து மலையில், சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் இருந்தோம். எனக்கு இருபத்தாறு வயது, கொழுந்து எடுக்கிற வேலை. வீட்டுக்காரருக்குப் பாக்டரியில் வேலை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிக் குடும்பங்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த வேதக்காரர்கள். ஐந்தாறு எஸ்டேட்டுக்கும் சேர்த்து ஒரே சேகரம், ஒரே பாதிரியார். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம். அவர் மற்ற எஸ்டேட்டுக்குப் போகிற நாட்களில் உபதேசியார் ஜெபம் நடத்துவார். கோயிலுக்கு அப்போது புல் கூரைதான். தகரம் போட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை.

அந்த வருஷம் புதிதாக வந்த ஐயருக்கு ஒரே பிரசங்கம்தான். எங்கே தொடங்கினாலும் அங்கே வந்து முடிப்பார். “ஆண்டவர் உங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஊழியம் வச்சிருக்கார். அது என்னன்னு கண்டுபிடிக்காம செத்துப்போயிடாதீங்க.” கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. கூலி கொடுக்காமல் வேலை வாங்க ஆள் பிடிக்கிறார். வீட்டில் வந்து சொன்னேன்.

“ஒன்னையும் பிடிச்சிருவாரு பாரு” என்றார் வீட்டுக்காரர்.

“என்னையா? கிழிச்சாரு!”

ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் யாராவது ஒருவர் எழுந்து, எனக்கு ஆண்டவர் இதைக் காட்டினார் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருத்தருக்கு மணி அடிப்பது. ஒருத்திக்குப் பாட்டு. முன்னால் சாராயம் குடித்துக்கொண்டிருந்த ஒருத்தர், கோயில் பாதையில் புல் செதுக்குவதுதான் தன் ஊழியம் என்று அழுதுகொண்டே சொன்னார். நான் வாய்க்குள் சிரித்தேன். உள்ளுக்குள் மட்டும் ஒரு குடைச்சல். எல்லோருக்கும் ஒன்று வைத்தவர் எனக்கு ஒன்றும் வைக்காமல் விட்டுவிட்டாரா? இதை யாரிடம் கேட்பது, வெட்கக்கேடு.

ஐயரும் விடவில்லை. முதலில் என்னை ஞாயிறு பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கப் போட்டார். ஒரு பையன் வசனத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. உள்ளங்கையில் எழுதி வைத்திருப்பான் என்று கையைப் பிடித்து விரித்தேன். ஒன்றும் இல்லை. அவன் அம்மா லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி என்னைத் திட்டினாள். அப்புறம் நோயாளிகளைச் சந்திக்கிற கூட்டத்தில் சேர்த்தார். சபைக் கமிட்டிப் பெரியவர் காய்ச்சல் என்று படுத்திருந்தார். எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது நான் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். “சூடு ஒண்ணுமில்லையே” என்று வாய் தவறிவிட்டது. அதோடு அந்த ஊழியமும் போச்சு.

கடைசியாகக் கைப்பிடி அரிசியைக் கொடுத்தார். உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து, ஆண்டவருக்கென்று தனிப் பானையில் போட வேண்டும். அது எங்கள் வழக்கம். சனிக்கிழமை சாயங்காலம் சபையிலிருந்து ஒரு பெண் பையோடு வீடு வீடாகப் போய் வாங்கி வருவாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதை விற்றுத் தகரத்துக்குச் சேர்ப்பார்கள். அதுவரை வாங்கிக்கொண்டிருந்த அம்மாள் மகனோடு மூணாற்றுக்குப் போய்விட்டாள். நாள் முழுக்கக் கொழுந்து எடுத்த காலோடு ஏறி இறங்க யாரும் தயாராக இல்லை. யாருக்கும் வேண்டாததை என் தலையில் கட்டுகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

அப்படித்தான் அந்தப் பானைக்கு வந்து சேர்ந்தேன்.

கடைசி வீட்டில் இருந்தது இரண்டே பேர். என்னைவிடச் சின்னவள் ஒருத்தி, அவளுடைய நாலு வயதுப் பெண் குழந்தை. புருஷன் பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனவன், போய்ச் சேர்ந்தானா இல்லையா என்றுகூடத் தகவல் இல்லை. குழந்தைக்கு மூன்று மாதமாகக் கால் வீக்கம். முன்பு லயத்து வாசலெல்லாம் ஓடியது, இப்போது உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுவதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சபை அந்தக் குழந்தைக்காக ஜெபித்தது. அந்த வீட்டுப் பானைதான் எல்லா வீட்டையும்விட நிறைந்திருந்தது. ஐயர் பிரசங்கத்திலேயே சொன்னார்: “கஷ்டத்துலயும் அள்ளிக் கொடுக்கிற ஒரு வீடு நம்ம சபையில இருக்கு.” எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

நான் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வேளை உலை, ஏழு நாள், பதினாலு பிடி. அவளுடைய சின்னக் கைக்குப் பதினாலு பிடி போட்டால் கால் பானைகூட வராது. மீதி எங்கேயிருந்து வருகிறது?

அரிசித் தட்டுப்பாடான வருஷங்கள் அவை. தமிழ்நாட்டு அரிசியைக் கொண்டுவரக் கூடாது என்று போடிமெட்டில் செக்போஸ்ட் போட்டிருந்தார்கள். இருந்தாலும் மலைப்பாதையில் தலைச்சுமையாக அரிசி ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஓஹோ, இவளும் அந்தக் கூட்டம்தான் என்று முடிவு கட்டினேன். திருட்டு அரிசியில் ஆண்டவருக்குப் பங்கு வைக்கிறாள்! அந்த வாரம் அவள் அரிசியைத் தனியாக முடிந்து வந்து முறத்தில் பரப்பிப் பார்த்தேன். மங்கின நிறம், குறுணி, கல், குடோன் சாக்கு வாடை. எங்கள் எல்லோருக்கும் எஸ்டேட்டில் அளக்கிற அதே ரேஷன் அரிசி.

“என்ன, துப்பறியும் போலீசு?” என்றார் வீட்டுக்காரர்.

“சும்மா இருங்க. இதுல என்னமோ இருக்கு.”

அதற்குப் பிறகு அவள் வீட்டுப் புகையைப் பார்க்க ஆரம்பித்தேன். சாயங்காலம் எல்லா வீட்டிலும் புகை எழும்பும். அங்கே கொஞ்ச நேரம் எழும்பி உடனே அடங்கிவிடும். சோறு வேகிற நேரம்கூட இல்லை. ஒரு நாள் வேலை முடிந்ததும், தணல் வாங்குகிற சாக்கில் கரண்டியோடு போனேன். அவள் தணல் எடுக்கக் குனிந்தபோது அடுப்பில் இருந்த சட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன். அடுத்த வீட்டுச் சட்டியைத் திறக்கிறவளை என்னவென்று சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லட்டும். உள்ளே வெறும் தண்ணீர். அடியில் இரண்டு துண்டு மரச்சீனிக் கிழங்கு. சோற்றுப் பருக்கைகளை எண்ணிவிடலாம்.

குழந்தை சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. கன்னம் உப்பி, பார்க்கிறவர்களுக்குக் கொழுகொழுவென்றுதான் தெரியும். கிட்டே போய் அதன் பாதத்தை விரலால் அமுக்கினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும், பிசைந்த மாவில் அமுக்கின மாதிரி குழி அப்படியே நின்றது.

“என்னட்டி சமையல் இது? அரிசியை எல்லாம் பானையில போட்டுட்டு நீங்க என்ன திங்கிறீங்க?” என்றேன்.

அவள் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. “பொருத்தன வச்சிருக்கேன்க்கா, ஆண்டவர்ட்ட நேந்துக்கிட்டேன். புள்ளைக்குக் கால் வடியுற வரைக்கும் எங்க அரிசியில பங்கு ஆண்டவருக்குன்னு. மொதல்ல கால்வாசிதான் வச்சேன். வீக்கம் கூடிச்சி. என் விசுவாசம் பத்தலைன்னு தெரிஞ்சிபோச்சி. அதான் பாதியாக்கிட்டேன்.”

போன சாக்கான தணலைக்கூட வாங்காமல் திரும்பினேன்.

மறுநாள் டிஸ்பென்சரிக்குப் போய்க் கம்பவுண்டரைக் கேட்டேன். அவர் மலையாளத்துக்காரர், வெடுக்கென்று பேசுவார். அந்தக் குழந்தையை இரண்டு தடவை கொண்டுவந்திருக்கிறாள். இரண்டு தடவையும் சிவப்பு மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார். என்ன சாப்பிடுகிறது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் சட்டியில் பார்த்ததைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

“அது சூக்கேடு இல்ல, வியாதியே இல்ல, பட்டினி. சோறு கொடு, பயறு கொடு, முட்டை கிட்டினா கொடு. இப்படியே இன்னும் ஒரு மாசம் போனா அந்தக் குட்டிய நான் பாக்க வேண்டாம், உங்க ஐயர் வந்தா போதும்.”

திரும்பி வரும்போது சனிக்கிழமைகளை எண்ணிப் பார்த்தேன். ஐந்து சனிக்கிழமை ஆகியிருந்தது. அந்தப் பிள்ளையின் சோற்றை ஐந்து வாரமாகத் தலையில் சுமந்துபோய்க் கோயிலில் கொட்டியது நான். புகழ்ந்த ஐயர் மேல் ஆத்திரம், ஆமென் சொன்ன சபை மேல் ஆத்திரம், என் மேல் எல்லாவற்றையும்விட ஆத்திரம். பானையைச் சந்தேகப்பட்டேனே தவிர பிள்ளையைப் பார்க்கத் தோன்றவில்லையே!

நேரே அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். “அது பசிட்டி, வியாதி இல்ல. அந்த அரிசியை எடுத்து ஆக்கிப் போடு.”

அவள் பதறிப் பின்னால் போய்விட்டாள். “அப்படிச் சொல்லாதீங்கக்கா! ஆண்டவருக்குன்னு வச்சதத் தொட்டா என் புள்ளைய எடுத்துக்கிடுவாரு.”

எவ்வளவோ சொன்னேன். ஏறவில்லை. நான் பயமுறுத்தியதில் விளைந்தது ஒன்றுதான். அந்தச் சனிக்கிழமை பானையில் இன்னும் இரண்டு பிடி கூடியிருந்தது.

அரிசியை வாங்காமலே, ஐயரிடம் சொல்லலாம் என்று கிளம்பிப் பாதி வழியில் நின்றேன். பிரசங்கத்தில் புகழ்ந்ததை அவரே வந்து தப்பு என்பாரா? சந்தேகம்தான். அப்படியே சொன்னாலும், அவள் பொருத்தனை ஐயரோடு இல்லை, ஆண்டவரோடு. பொருத்தனை வைத்த ஒரு தாயை யார் சொல்லும் அசைக்காது. அவளை அசைக்க இன்னொரு பொருத்தனைதான் வேண்டும்.

அன்றைக்கே அவள் வீட்டுக்குத் திரும்பிப் போனேன். எப்போதும் போல அவள் அரிசியை வாங்கிப் பையில் கொட்டினேன். அவள் கண் முன்னால் அது வீட்டைவிட்டுப் போக வேண்டும். பிறகு சொன்னேன்: “எனக்கும் ஒரு பொருத்தன இருக்குட்டி. நாப்பது நாளைக்கு ஒரு சின்னப் பிள்ளைக்கு ரெண்டு வேளையும் சோறு போடுறதா ஆண்டவர்ட்ட சொல்லியிருக்கேன். பிள்ளைக்கு எங்க போவேன்? உன் பிள்ளையத் தா.”

பச்சைப் பொய். ஆனால் அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அதுக்கென்னக்கா, தூக்கிட்டுப் போங்க. பொருத்தனையத் தடுக்கக் கூடாது.”

அவள் அரிசியை மட்டும் என் வீட்டில் இறக்கிவிட்டு, மற்ற வீட்டு அரிசியைக் கோயிலில் சேர்த்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

“கோயில் அரிசியா?”

“அந்தப் பிள்ளையோட அரிசி.”

“யாரு கையிலயாவது ஆம்புட்டா உன் தோலை உரிச்சிருவாங்க.” சொல்லிவிட்டு மறுநாள் சட்டைப் பையில் இரண்டு முட்டையோடு வந்தார்.

உன் அரிசியைப் போட்டிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். என் வீட்டிலும் வாரக் கடைசியில் கிழங்குதான். அதுமட்டும் காரணமில்லை. என் அரிசியைப் போட்டால் நான் தர்மவதி ஆகிவிடுவேன். அது அந்தப் பிள்ளையின் அரிசி, அதன் வயிற்றுக்குத்தான் போக வேண்டும். என் பிடிவாதம் எப்போதும் அப்படித்தான்.

காலையில் மஸ்டருக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. பயறு போட்டுக் குழைய வடித்துக் கொடுத்தேன். முதல் வாரம் பாதியை வாந்தி எடுத்தது. நான் ஏதோ கெடுதல் செய்துவிட்டேனோ என்று நடுங்கிப்போனேன். மூன்றாவது வாரம் வீக்கம் வடிய ஆரம்பித்தது. வடிந்த பிறகுதான் உள்ளே இருந்த குச்சிக் காலைப் பார்த்தோம். “ஐயோ, புள்ள மெலிஞ்சிட்டாளேக்கா” என்று தாய் அழுதாள். “வாய மூடுட்டி, இதுதான் உன் பிள்ளை” என்றேன். ஐந்தாவது வாரம் குழந்தை என் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு நான் அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அதற்குள் கோயிலில் பேச்சு கிளம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அரிசி அளந்து போடுவது உபதேசியாரின் மனைவி. மூட்டை முன்பு எந்த மட்டம் வரைக்கும் நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும். “இப்ப ஏன் குறையுது?” என்று ஒரு வாரம் கேட்டாள். அடுத்த வாரம் கேட்கவில்லை, என் கையைப் பார்த்தாள். அதற்கடுத்த வாரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நான் போய் நின்றதும் பேச்சு நின்றது. யாரோ ஒருத்தி எங்கள் வீட்டுக்குத் தணல் கேட்டு வந்தாள். அவள் வீட்டு அடுப்பு எரிவதை வரும்போதுதான் பார்த்திருந்தேன். என் அடுப்பையும் பானையையும் துழாவின அந்தக் கண் எனக்கு நன்றாகத் தெரிந்த கண். அது என் கண்தான்.

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் நான் சொன்ன அடுத்த நிமிஷம் அந்தத் தாய் காதுக்குப் போகும். ஆண்டவர் அரிசியைப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டோம் என்று தெரிந்தால், அவள் அந்தப் பிள்ளையை என் வாசல் மிதிக்க விடமாட்டாள். எதையும் அடக்கத் தெரியாத வாயை வைத்துக்கொண்டு, இருபது நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நாற்பதாவது நாள் கழிந்த ஞாயிறு. சாட்சி சொல்கிற நேரத்தில் கடைசி வீட்டுக்காரி எழுந்தாள். குழந்தையைத் தரையில் விட்டாள். அது நடுப்பாதையில் தள்ளாடித் தள்ளாடி நடந்தது. “ஆண்டவருக்கு அரிசி வச்சேன். ஆண்டவர் என் புள்ளைக்குக் காலைக் குடுத்தாரு. பொருத்தன நிறைவேறிச்சி” என்றாள். சபையே அழுதது. மற்ற சாட்சிகளுக்கெல்லாம் வாய்க்குள் சிரித்தவள் நான். அன்றைக்கு ஓட்டை தேடித் தேடிப் பார்த்தேன். அவள் சொன்னதில் பொய்யே இல்லை. அவள் வைத்த அரிசிதான், அதே அரிசிதான் அந்தக் காலைக் கொடுத்தது.

ஆராதனை முடிந்ததும் என்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார்கள். ஐயர், உபதேசியார், காய்ச்சல் பெரியவர். பலகைச் சுவர், வெளியே நின்றவர்களுக்கு எல்லாம் கேட்கும். ஐயர்தான் கேட்டார்.

“கைப்பிடி அரிசியை நீ எடுத்தியாம்மா?”

“எடுத்தேன் ஐயரே.”

“என்ன பண்ணுன?”

“ஆக்கிச் சாப்பிட்டாச்சு.”

“ஏன்?”

“பசி.”

பெரியவர் உச்சுக் கொட்டினார். ஐயர் என் கிட்டே வந்தார். “யாருக்குப் பசி?” என்று மெதுவாகக் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். பையை வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதம் திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்கக் கூடாது என்றார்கள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். நெஞ்சு எரிந்தது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஊழியம் வைத்தாராம்! எனக்கு வைத்தது இதுதானா? ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளை ஊர் சந்தேகப்பட, வாயை மூடிக்கொண்டு நிற்பதா? அதற்கு என்னைவிட்டால் ஆளே கிடைக்கவில்லையா ஆண்டவரே என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். வீட்டுக்காரர் வெற்றிலையைக் கீழே வைத்தார்.

அப்போது வாசலில் நிழல் தெரிந்தது. கடைசி வீட்டுக்காரி. இடுப்பில் குழந்தை. முந்தானையில் கனமாக ஏதோ முடிந்திருந்தாள். கோயிலில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், கண் சிவந்திருந்தது. வசவு வாங்க நான் தயாராகத்தான் இருந்தேன்.

“என் புள்ளைக்குப் போட்டுப் போட்டுத்தான் உங்க அரிசி தீந்துபோச்சா அக்கா?” என்றாள். “பசின்னா என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல? கோயில் அரிசியில ஏன்க்கா கை வச்சீங்க?”

குழந்தையை இறக்கிவிட்டு முந்தானையை அவிழ்த்தாள். கல்லும் குறுணியுமாக அதே ரேஷன் அரிசி. ஒரு வாரத்து அரிசியில் பாதியாவது இருக்கும். அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். எதையாவது மறைக்கிறாளா, எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாளா என்று துருவித் துருவிப் பார்த்தேன். அந்த முகத்தில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். எழுந்துபோய் முறத்தை எடுத்து வந்து நீட்டினேன்.

“இது ஆண்டவருக்கு வச்சது இல்லக்கா, எங்களுக்கு வச்சதுதான்” என்றாள், அரிசியைக் கொட்டிக்கொண்டே. “பயப்படாம ஆக்கிச் சாப்பிடுங்க.”